28 வயதுப் புதுமுகங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

இது நம்மில் பலர் பார்க்காத ஒரு விளையாட்டைப் பற்றியது. அமெரிக்கர்கள் "ஃபுட்போல்" என்று சொல்வது நாம் ஆடும் உதைபந்தாட்டத்தை அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும், தூக்கிக்கொண்டு ஓடியும், தலைக்கவசம் போட்டுக்கொண்டு மோதியும் ஆடுகிற ஆட்டம் அது. விதிகள் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நான் எழுத வந்தது அங்கே ஆட்களைத் தெரிவுசெய்யும் முறையைப் பற்றி. 21 வயது இளைஞன் ஒருவனும் 28 வயதுக்காரர் ஒருவரும் ஒரே பட்டியலில் நின்றால், வயதைக் கணக்கில் எடுக்க வேண்டுமா?

முதலில் அந்தப் பட்டியல் எப்படி வந்தது என்று பார்ப்போம்.

1935 இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் கழகத்தின் உரிமையாளர் பேர்ட் பெல் ஒரு யோசனை சொன்னார். பணமும் பெயரும் உள்ள கழகங்களே நல்ல வீரர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போகின்றன. ஆகவே பல்கலைக்கழகப் படிப்பை முடிக்கும் வீரர்களின் பெயர்களை ஒரு பட்டியலில் போடுவோம். கடந்த பருவத்தில் கடைசியாக வந்த கழகம் முதலில் ஒருவரைத் தெரிவுசெய்யட்டும் என்றார். அந்தப் பருவத்தில் கடைசியாக வந்தது அவருடைய கழகம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1936 பெப்ரவரி 8 ஆம் திகதி பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் முதலாவது தெரிவு நடந்தது. 9 கழகங்கள், 9 சுற்றுகள், 81 பெயர்கள். இதைத்தான் "ட்ராஃப்ட்" என்கிறார்கள். முதல் பெயராகத் தெரிவான ஜே பெர்வங்கர் தொழில்முறை லீக்கில் ஒரு போட்டியில்கூட ஆடவில்லை. அவருக்கு வேறு தொழில் பிடித்திருந்தது. ஆளைத் தெரிவுசெய்வது எவ்வளவு நிச்சயமற்ற வேலை என்பதற்கு முதல் நாளே சான்று கிடைத்துவிட்டது.

வயதைப் பொறுத்தவரை ஒரு விசயத்தைக் கவனியுங்கள். இந்த லீக்கில் கீழ் எல்லை எப்போதும் எழுத்தில் இருந்தது. 1925 இல் ரெட் கிரேஞ் என்ற மாணவ நட்சத்திரம் தன் கடைசிப் பல்கலைக்கழகப் போட்டி முடிந்த கையோடு சிகாகோ பெயார்ஸ் கழகத்தில் சேர்ந்தார். பல்கலைக்கழகங்கள் கொதித்தெழுந்தன. ஒருவருடைய வகுப்பு படிப்பை முடிக்கும் வரை அவரைச் சேர்ப்பதில்லை என்று லீக் விதி எழுதியது. 1990 இல் அது தளர்ந்து, பாடசாலையை விட்டு மூன்று ஆண்டுகள் கழிந்தால் போதும் என்றானது. 2003 இல் மொரிஸ் கிளரட் என்ற இளைஞர் அந்த விதியையும் எதிர்த்து நீதிமன்றம் போனார். கீழ் நீதிமன்றத்தில் வென்றார், மேன்முறையீட்டில் தோற்றார். அந்த மேன்முறையீட்டுத் தீர்ப்பை எழுதியவர் பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோனியா சொட்டோமேயர். கிளரட் 2005 இல் மூன்றாம் சுற்றில் தெரிவானார். ஆனால் லீக்கின் பருவப் போட்டி ஒன்றில்கூட அவர் களமிறங்கவில்லை.

மேல் எல்லை மட்டும் எந்த விதியிலும் இல்லை. அது தெரிவுசெய்பவர்களின் மனதில் இருக்கிறது. எழுதப்படாத எல்லையைப் பற்றித்தான் நாம் அதிகம் யோசிக்க வேண்டும். எழுதிய விதியென்றால் எதிர்த்து வழக்காவது போடலாம்.

"வயது ஒரு தடையல்ல" என்று வாதாடுகிறவர்கள் உடனே சொல்லும் பெயர் ரொஜர் ஸ்டோபாக். கடற்படைக் கல்லூரி மாணவர். 1963 இல் பல்கலைக்கழக ஆட்டத்தின் மிக உயர்ந்த விருதான ஹெய்ஸ்மன் விருதைப் பெற்றவர். பட்டம் பெற்றதும் நான்கு ஆண்டுகள் கடற்படையில் பணியாற்ற வேண்டிய கடமை அவருக்கு இருந்தது. அதில் ஒரு பகுதியை வியட்நாமில் கழித்தார். 1969 இல் டலஸ் கௌபோய்ஸ் அணியில் சேர்ந்தபோது அவருக்கு 27 வயது. புதுமுகம்! 29 வயதில் நிரந்தர ஆட்டக்காரரானார். அந்தப் பருவத்திலேயே சுப்பர் போல் வென்று, இறுதிப் போட்டியின் சிறந்த வீரரும் ஆனார். பிறகு இன்னொரு சுப்பர் போல். 38 வயதில் ஓய்வு பெற்றார். 1985 இல் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது.

அருமையான கதை. ஆனால் வரலாறு படிப்பவர்கள் ஒரு சான்றை ஏற்க முன் அதன் திகதியைப் பார்க்க வேண்டும். ஸ்டோபாக்கை டலஸ் தெரிவுசெய்தது 1963 டிசம்பரில். அப்போது அவருக்கு வயது 21. களத்துக்கு வந்ததுதான் 27 இல். 21 வயதில், தன்னையொத்த வயதுக்காரர்களுக்கு எதிராக அவர் காட்டிய திறமையை வைத்தே டலஸ் தீர்மானித்தது. அதுவும் பத்தாம் சுற்றில், 129 ஆவது பெயராக. விலை மலிவு, காத்திருக்கப் பொறுமையும் இருந்தது. ஆகவே ஸ்டோபாக்கின் கதை ஒன்றை நிரூபிக்கிறது: நடுவில் போன ஆண்டுகள் ஒரு மனிதனின் திறமையை அழித்துவிட வேண்டியதில்லை. வயது கூடியவரின் பல்கலைக்கழகப் பெறுபேறுகளை அப்படியே நம்பலாம் என்பதை அது நிரூபிக்கவில்லை. இந்த இரண்டும் வேறு வேறு.

இரண்டாவதற்கு உதாரணம் வேண்டுமென்றால் க்ரிஸ் வெய்ன்கியைப் பாருங்கள். ஆறு ஆண்டுகள் சிறிய லீக்குகளில் பேஸ்போல் விளையாடிவிட்டு, புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். 2000 ஆம் ஆண்டு 28 வயதில் ஹெய்ஸ்மன் விருதைப் பெற்றார். அவ்வளவு வயதில் அதை வென்றவர் வேறு யாருமில்லை. 2001 இல் கரோலைனா பந்தர்ஸ் அவரை நான்காம் சுற்றில், 106 ஆவதாக எடுத்தது. விருது வென்றவரை ஏன் அவ்வளவு கீழே விட்டார்கள்? தெரிவாளர்களின் சந்தேகம் எளிமையானது. 28 வயதுக்காரர் 19, 20 வயதுப் பையன்களுக்கு எதிராக எடுத்த புள்ளிகளுக்கு என்ன பெறுமதி? சந்தேகம் பொய்க்கவில்லை. கரோலைனா அந்தப் பருவத்தின் முதல் போட்டியில் வென்றது. அடுத்த 15 போட்டிகளிலும் தோற்றது. எல்லாம் அவருடைய குற்றமல்ல என்றாலும், அவர் மீண்டும் நிரந்தர இடம் பிடிக்கவே இல்லை.

பதினொரு ஆண்டுகள் கழித்து அதே கதை, அதிக விலைக்கு. பிரண்டன் வீடனும் பேஸ்போலிலிருந்து வந்தவர். ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் "குவார்ட்டர்பேக்" இடத்தில் ஜொலித்தார். 2012 இல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் கழகம் அவரை முதல் சுற்றிலேயே, 22 ஆவதாக எடுத்தது. வயது 28. முதல் சுற்றில் தெரிவானவர்களில் மிக மூத்தவர் அவர்தான்.

இங்கே பணக் கணக்கு வருகிறது. 2011 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி புதிதாகத் தெரிவாகும் வீரருக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம், சம்பளம் ஏறக்குறைய நிர்ணயிக்கப்பட்டது. முதல் சுற்றுக்காரரைக் கழகம் விரும்பினால் ஐந்தாம் ஆண்டும் வைத்துக்கொள்ளலாம். 21 வயதில் எடுத்தவர் ஐந்து பருவம் முடியும்போது 26 இல் நிற்பார். உடல் உச்சத்தில் இருக்கும். வீடன் ஐந்தாம் பருவம் ஆடியிருந்தால் அதன் நடுவில் அவருக்கு 33 ஆகியிருக்கும். ஒரு பிள்ளை பழகிக்கொள்ள இரண்டு, மூன்று பருவம் கொடுக்கலாம். 28 வயதுக்காரருக்கு அந்த அவகாசம் கிடையாது. முதல் பருவத்தில் வீடன் 14 முறை பந்தை எல்லைக்குள் சேர்த்தார். 17 முறை எதிரணியின் கையில் கொடுத்தார். இரண்டு பருவங்களோடு கழகம் அவரை விடுவித்தது.

"பார்த்தீர்களா, வயதுதான் காரணம்" என்று முடித்துவிடலாம்தான். ஆனால் அதே நாளில், அதே கழகம், அதே முதல் சுற்றில் இன்னொருவரையும் எடுத்தது. ட்ரென்ட் ரிச்சர்ட்சன், மூன்றாவது தெரிவு, வயது 21. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர். இளமை, பலம், எதிர்காலம், எல்லாம் இருந்தன. அடுத்த ஆண்டு செப்டெம்பரிலேயே அவரை வேறு கழகத்துக்கு மாற்றிவிட்டார்கள். 2014 க்குப் பிறகு அவர் லீக்கின் பருவப் போட்டிகளில் ஆடவில்லை. மூத்தவரும் தோற்றார், இளையவரும் தோற்றார். அந்தத் தெரிவில் 75 ஆவதாகப் போன ரசல் வில்சன் இரண்டே பருவத்தில் சியாட்டில் அணிக்குச் சுப்பர் போல் வென்று கொடுத்தார். அவரைப் பல கழகங்கள் தயங்கி விட்டதற்குக் காரணம் வயதல்ல, உயரம். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு.

அதற்கு முந்திய ஆண்டு பிலடெல்பியாவில் நடந்ததும் இதே பாடம்தான். 2011 இல் ஈகிள்ஸ் முதல் சுற்றில் டனி வொட்கின்ஸ் என்ற கனடாக்காரரை எடுத்தது. தீயணைப்பு வீரராக இருந்தவர், வயது 26. இருபதைத் தாண்டிய பிறகுதான் இந்த ஆட்டத்தையே பழகினார். இரண்டு பருவங்கள் ஆடினார், 2013 இல் விடுவிக்கப்பட்டார், பின்னர் தீயணைப்புப் பணிக்கே திரும்பினார். அதே தெரிவில், அதே முன்வரிசைக்கு, ஆறாம் சுற்றில் 191 ஆவதாக எடுத்தவர் ஜேசன் கெல்சி. 23 வயது, அவரும் சின்னப் பிள்ளையல்ல. 13 பருவங்கள் அதே கழகத்தில் ஆடி, 2024 இல் ஓய்வு பெற்றார்.

இளமையே உத்தரவாதம் என்றால் அமோபி ஒகோயே எங்கே? 2007 இல் 19 வயதில், பத்தாவதாகத் தெரிவானவர். ஆறு பருவங்கள் ஆடினார். எதிர்பார்த்த உயரத்துக்குப் போகவில்லை.

அண்மைக் காலத்தில் இந்தக் கேள்வி மேலும் பெரிதாகிவிட்டது. 2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காரணமாகப் பல்கலைக்கழக வீரர்களுக்கு ஓர் ஆண்டு மேலதிகமாகக் கிடைத்தது. 2021 முதல் மாணவ வீரர்கள் தம் பெயரையும் படத்தையும் வைத்துப் பணம் சம்பாதிக்கவும் முடிகிறது. அவசரப்பட்டு வெளியேற வேண்டிய தேவை குறைந்தது. விளைவு, 2024 தெரிவின் முதல் 12 இடங்களில் ஆறு குவார்ட்டர்பேக்குகள்; அவர்களில் மூவருக்கு 23 அல்லது 24 வயது. ஜேடன் டேனியல்ஸ் முதல் பருவத்திலேயே சிறந்த புதுமுக விருதைப் பெற்றார். போ நிக்ஸ் பல்கலைக்கழகத்தில் 61 போட்டிகளைத் தொடக்க வீரராக ஆடிவிட்டு வந்தவர். டென்வர் அணியை உடனடியாக அடுத்த கட்டப் போட்டிகளுக்குக் கொண்டுபோனார். மைக்கல் பெனிக்ஸ் இந்தியானாவில் ஆடிய நான்கு பருவங்களும் காயத்தில் முடிந்தவை. மூவரின் பிறப்பு ஆண்டும் 2000. ஆனால் ஒருவரின் வயதில் இருப்பது 61 போட்டிகளின் அனுபவம்; இன்னொருவரின் வயதில் சத்திரசிகிச்சைகளும் இருக்கின்றன.

ஆகவே என் கருத்து இது. வயது கணக்கில் வரத்தான் வேண்டும், ஆனால் இரண்டு இடங்களில் மட்டும். ஒன்று, விலை. எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதைப் பார்த்து எந்தச் சுற்றில் எடுப்பது என்று தீர்மானிப்பது நியாயம். எறிபவர் 40 ஐ நெருங்கும்வரை ஆடலாம். டொம் பிரேடி 43 வயதில் சுப்பர் போல் வென்றார். அடிபட்டு ஓடுகிறவரின் கால் முப்பதுக்கு முன்பே தளரத் தொடங்கும். ஒரே வயது, இரண்டு இடங்களில் இரண்டு விலை. இரண்டாவது, சான்றை வாசிக்கும் விதம். இந்தப் பெறுபேற்றை இவர் எந்த வயதில், யாருக்கு எதிராக எடுத்தார்? 19 வயதில் எடுத்ததற்கும் 27 வயதில் எடுத்ததற்கும் ஒரே புள்ளி போட முடியாது. பரீட்சைத் தாள் திருத்திய எவருக்கும் இது விளங்கும்: முதல் தடவை எடுத்த 80 உம் மூன்றாம் தடவை எடுத்த 80 உம் தாளில் ஒன்றுதான், பிள்ளையைப் பற்றிச் சொல்வது ஒன்றல்ல.

மூன்றாவதாக ஓர் இடத்தில் வயதைக் கொண்டுவந்து வைக்கிறோம், அது நியாயமில்லை. "இவர் பிந்திவிட்டார், ஆகவே இவரில் ஏதோ குறை" என்ற முடிவு அது. பிந்தியவர்கள் எல்லோரும் ஒரே காரணத்தால் பிந்துவதில்லை. ஒருவர் நாட்டுக்குச் சேவை செய்தார். ஒருவர் வேறொரு கனவை முயன்று பார்த்தார். ஒருவர் தீயணைத்தார். ஒருவர் வைத்தியசாலையில் கிடந்தார். பட்டியலில் வயது என்ற நிரலில் ஓர் எண் மட்டும் இருக்கும். அந்த ஆண்டுகள் எங்கே போயின என்பதற்கு நிரல் கிடையாது. ஆளைத் தெரிவுசெய்ய மேசையில் அமர்கிறவர் அதை வாய் திறந்து கேட்கத்தான் வேண்டும். கேட்ட பிறகு வேண்டாம் என்று சொன்னால், அது தீர்மானம். கேட்காமலே சொன்னால், அது சோம்பல்.

உங்கள் கருத்துகளையும் கீழே எழுதுங்கள். விதிகள் தெரிந்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது.