குப்பையில் கிடந்த பதில்

புஜைராவில் நம்மில் பலர் வீட்டில் ஷாம்பு பெரிய பாட்டிலில்தான் இருக்கும். ஆனால் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, பெட்டிக்கடை வாசலில் சரம் சரமாகத் தொங்கும் சின்ன ஷாம்பு பாக்கெட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒன்று கேட்டால் கடைக்காரர் ஒன்றை மட்டும் கிழித்துத் தருவார். பாட்டில் வாங்க வசதியில்லாதவர்களுக்கான மலிவுச் சரக்கு என்று சிலர் நினைப்பதுண்டு. உண்மையில் அது மனிதர்களைக் கூர்ந்து கவனித்ததால் பிறந்த பொருள்.

மக்கள் எதை, எப்போது, ஏன் வாங்குகிறார்கள் என்று கண்டறிவதைச் சந்தை ஆய்வு என்கிறோம். அமெரிக்காவில் இதன் முன்னோடி சார்லஸ் கூலிட்ஜ் பார்லின். 1911இல் கர்டிஸ் பதிப்பகத்தின் ஆய்வுப் பிரிவைத் தொடங்கியவர். அவரைப் பற்றி ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. கேம்பெல் சூப் நிறுவனம் கர்டிஸ் பத்திரிகையில் விளம்பரம் தரத் தயங்கியது. அதைப் படிப்பவர்கள் தொழிலாளிகள், தங்கள் சூப்பை வாங்குபவர்களோ பணக்காரர்கள் என்பது அவர்கள் எண்ணம். பார்லின் பிலடெல்பியாவில் வீட்டுக் குப்பைகளைச் சேகரித்து, காலி டப்பாக்களை எண்ண வைத்தார். தொழிலாளர் வீட்டுக் குப்பையில்தான் சூப் டப்பாக்கள் அதிகம் இருந்தன. பணக்காரர் வீட்டில் சூப் வைக்கச் சமையல்காரர் இருந்தார்!

இதே பாடத்தைக் கடலூரில் வேறு விதமாகக் கற்றவர் சின்னி கிருஷ்ணன். பெரிய டப்பாவில் விற்ற டால்கம் பவுடரையும், எப்சம் உப்பையும் சின்னப் பொட்டலங்களாக்கி விற்றவர். கூலித் தொழிலாளியும் ரிக்‌ஷா ஓட்டுபவரும் வாங்கும்படி பொருள் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைக்கும் யோசனையும் அவருடையதே. அவர் மறைவுக்குப் பின் மகன்கள் வெல்வெட் ஷாம்புவை அந்த வடிவில் விற்றார்கள்.

அவர்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 1983இல் 15,000 ரூபாயுடன் தனியே தொடங்கினார். ஷாம்புவுக்குத் தந்தை பெயரின் எழுத்துகளைக் கொண்டு ‘சிக்’ என்று பெயர் வைத்தார். கிராமங்களில் அப்போது பலரும் சீயக்காயோ சோப்போதான் தேய்த்துக் குளித்தார்கள். அவருடைய ஆட்கள் ஊர் ஊராகப் போய், ஒரு பள்ளிச் சிறுவனுக்குத் தலை குளிப்பாட்டி, கூடியிருந்தவர்களை அவன் முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எந்த நிறுவனத்து ஷாம்புவானாலும் ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு ‘சிக்’ இலவசம் என்றார்கள். அதன் பிறகு ‘சிக்’ பாக்கெட் ஐந்து கொடுத்தால்தான் இலவசம் என்று மாற்றினார்கள். பார்லின் தேடிப்போன குப்பை, இங்கே மக்கள் கையாலேயே கடைக்கு வந்து சேர்ந்தது. மல்லிகை, ரோஜா மணங்களும் சேர்ந்தன. தலையில் பூ வைக்கும் பெண்களுக்கு அந்த மணம் புதிதல்ல. 1998இல் நிறுவனத்தின் பெயர் கெவின்கேர் ஆனது. ‘கவின்’ என்றால் அழகு. 1999இல் 50 பைசா பாக்கெட்டும் வந்தது.

இதில் அடிப்படையான கண்டுபிடிப்பு எது? தினக்கூலி வாங்குபவர் அன்றன்றைக்குத்தான் செலவு செய்ய முடியும் என்பதுதான். பாட்டிலை அவர் விரும்பாமல் இல்லை. ஒரே நாளில் அவ்வளவு பணத்தை அவரால் எடுக்க முடியாது. இங்கே மாதச் சம்பளக்காரருக்கு குரோசரிக்காரரின் கணக்கு நோட்டு செய்யும் உதவியை, அங்கே தினக்கூலிக்காரருக்கு அந்தப் பாக்கெட் செய்தது. கோயம்புத்தூரில் பிறந்த பேராசிரியர் சி.கே. பிரகலாத், ஏழைகளையும் வாடிக்கையாளர்களாக மதிக்க வேண்டும் என்று 2004இல் எழுதிய புத்தகம் உலகெங்கும் பேசப்பட்டது. கடலூர்க்காரர்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

ஆனால் கதையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பல அடுக்குப் பிளாஸ்டிக்கால் ஆன அந்தப் பாக்கெட்டை மறுசுழற்சி செய்வது மிகக் கடினம். இன்று அவை ஊர்ச் சாக்கடைகளிலும் ஆற்றங்கரைகளிலும் கிடக்கின்றன. ஒருவரின் பணப்பையை நன்றாகப் புரிந்துகொண்ட தொழில், அவர் வாழும் தெருவை மறந்துவிட்டது.

இன்று குப்பையைக் கிளற வேண்டிய தேவை குறைந்துவிட்டது. நீங்கள் போனில் எதைத் தேடினீர்கள், எந்த வீடியோவில் எத்தனை நொடி நின்றீர்கள் என்பதெல்லாம் பதிவாகிறது. உங்கள் தேவையை அறிந்து உதவவும் அதைப் பயன்படுத்தலாம். தேவையில்லாததை உங்கள் தலையில் கட்டவும் பயன்படுத்தலாம். நாளை உங்களில் சிலர் இந்தத் துறையிலேயே வேலை பார்ப்பீர்கள். அப்போது ‘இவர் எதை வாங்குவார்?’ என்று கேட்பதோடு நிற்காதீர்கள். ‘வாங்கிய பிறகு இவர் வாழ்க்கை என்ன ஆகும்?’ என்றும் கேளுங்கள்.