கண்காணாக் கதிர்களும் ஒரு துறவியின் நேர்மையும்

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே சென்றால் கல்வராயன் மலை. அதன் மலையூர்களில் இராத்தங்கும் நாள்களில் விண்மீன்கள் கைக்கெட்டும் தொலைவில் நிற்பதுபோல் நமக்குத் தோன்றும். எனினும் விண்ணிலிருந்து வருவது ஒளி மட்டுமன்று. காஸ்மிக் கதிர்கள் காற்றில் மோதுவதால் பிறக்கும் மியூவான் துகள்களுள் ஏறக்குறைய ஒன்று, ஒவ்வொரு நொடியும் விரித்த நம் உள்ளங்கையினூடே கடந்து செல்கிறது.

இவற்றை மாந்தர் அறிந்த வரலாற்றில் குருவானவர் ஒருவருக்கும் பங்குண்டு. காற்றில் இடையறாது மின்னேற்றம் விளைவிக்கும் கதிர்கள் மண்ணிலிருந்தே எழுகின்றன என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர் பலர் கருதினர். இயேசு சபைக் குரு தியோடர் வுல்ஃப் அவர்களும் அவ்வாறே எண்ணினார். அங்ஙனமாயின் உயரே செல்லச் செல்லக் கதிர் அற்றுப்போதல் வேண்டும். 1910இல் அவர் தாம் உருவாக்கிய மின்னளவியுடன் பாரிசின் ஐஃபெல் கோபுரத்தில் ஏறி அளந்தார். 300 மீட்டர் உயரத்தில் கதிர் குறைந்ததேயன்றி, எதிர்பார்த்த அளவு குறையவில்லை. தம் கருத்துக்கு இடையூறான அந்த எண்ணை அவர் மறைக்கவில்லை; வெளியிட்டார்.

1912 ஆகஸ்ட் 7 அன்று ஆஸ்திரிய அறிஞர் விக்டர் ஹெஸ், வுல்ஃப் வகை மின்னளவிகளுடன் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் உயர்ந்தார். அங்கே கதிர் மிகுந்திருந்தது. அதன் பிறப்பிடம் விண்ணே எனத் தெளிவாயிற்று. 1936இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

இக்கதிர்களின் வரவு என்றும் ஒரே அளவினதன்று. காந்தப் புயலின்போது அது குறைவதை அமெரிக்கரான ஸ்காட் ஃபோர்புஷ் 1937இல் தரைக் கருவிகளால் கண்டார். நம் உதகையில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம், 6 மீட்டர் நீளமுள்ள 3,712 குழாய்களால் மியூவான்களை இரவுபகலாக எண்ணுகிறது. 2015 ஜூன் 22 அன்று அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உயர்ந்திருந்தது. கதிரவனிலிருந்து வந்த புயல் புவியின் காந்தக் கவசத்தை நலிவுறச் செய்தமையே காரணம் என்று ஆய்வாளர் விளக்கினர். ஒவ்வொரு நாளும் எண்ணியிராவிடில் அவ்வேற்றம் புலப்பட்டிராது.

"அறிவியல் கற்றால் விசுவாசம் குலையாதா சாமி?" என்று பெற்றோர் நம்மிடம் வினவுவதுண்டு. காஸ்மிக் கதிரை இறைவனுக்குச் சான்றாக நாம் முன்வைக்கவில்லை. வுல்ஃப் அடிகளாரையே அவர்களுக்குக் காட்டுகிறோம். விசுவாசம் அவரை அளக்கவிடாமல் தடுக்கவில்லை. தம் எண்ணத்துக்கு மாறானதை எழுதிவைக்கவும் அவர் அஞ்சவில்லை. இரவுதோறும் ஆன்ம சோதனை செய்யும் நமக்கும் அதுவே ஒழுங்கு: கண்டதைக் கண்டபடியே ஏற்றல்.