இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி

இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி (மயோஃபோனஸ் பிளைகி) இலங்கையின் மத்திய மலைநாட்டில் மட்டுமே வாழும், ஏறத்தாழ 20 செ.மீ. நீளமுள்ள பாடும் பறவை. சிங்களத்தில் அரங்கயா எனப்படும். சுமார் 900 மீட்டருக்கு மேலுள்ள ஈரக் காடுகளில், நிழல் மண்டிய ஓடைகளை விட்டு அதிகம் விலகுவதில்லை.

இதை 1872இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் ஹோல்ட்ஸ்வொர்த். வடமேற்குக் கரையிலுள்ள அரிப்பு என்ற ஊருக்கு முத்துச்சிப்பி ஆய்வுக்காக வந்தவர். கடலுக்காக வந்தவர் மலைப்பறவைக்குப் பெயர் வைத்தது விந்தைதான். காப்பித் தோட்டக்காரர் சாமுவேல் பிளையின் நினைவாக அர்ரெங்கா பிளைகி என்றார். பிற்காலத்தார் அர்ரெங்கா பேரினத்தை மயோஃபோனஸில் சேர்த்துவிட்டனர். நெடுங்காலம் பூங்குருவிக் குடும்பத்தில் வைத்திருந்தாலும், இது உண்மையில் ஈப்பிடிப்பான் குடும்பத்துப் பறவை. கொடைக்கானல், நீலகிரிப் பக்கம் மனிதரைப் போலச் சீழ்க்கையடிக்கும் மலபார் இனம் இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் அது சுமார் 25 செ.மீ. இருக்கும், அதில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே தோன்றும்.

இப்பறவையைத் தேடுபவர் முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். விடியலிலும் அந்தியிலும் ஓடைப் பக்கமிருந்து 'ஸ்ரீ... ஸ்ரீ' என்று கூரிய, மெல்லிய ஒலி வந்தால், பறவை அருகில்தான் இருக்கிறது. பட்டிப்பொலை வழியாக ஹோர்டன் சமவெளிக்கு ஏறும் சாலையோரத்து அர்ரெங்கா குளம் இதற்குப் பேர்போன இடம். ஏடுகளில் கைவிடப்பட்ட பேரினப் பெயர் அங்கே இன்னும் புழங்குகிறது.

சிக்கல் வெளிச்சத்தில் இருக்கிறது. ஆணின் கருமையில் ஓடும் நீல மினுக்கமும் தோளிலுள்ள பளிச்சென்ற நீலத் திட்டும் அரையிருட்டில் தெரியாது. பெண் பழுப்பு நிறம். அதற்கும் தோளில் நீலம் உண்டு. அதே மலைகளில் சாதாரணமாகத் திரியும் கரும்பூங்குருவியை இதுவென்று எண்ணி ஏமாறுவோர் பலர். நிறத்தை நம்பாமல் அலகைப் பார்ப்பதே சரி: கரும்பூங்குருவிக்கு ஆரஞ்சு அலகு, இதற்குக் கறுப்பு அலகு.

பூச்சி, தவளை, பல்லி ஆகியவை இரை. நீரோரப் பாறை இடுக்கிலோ மரக்கவட்டிலோ கிண்ணக் கூடு கட்டி ஒன்றிரண்டு முட்டை இடும்.

காப்பியும் பிறகு தேயிலையும் மலைக்காட்டை விழுங்கியதால் அருகிவிட்ட இந்த இனத்தை உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். அழியும் ஆபத்திலுள்ளவற்றில் சேர்த்துள்ளது.