பனி விட்டுப்போன குடா

1794இல் ஜார்ஜ் வான்கூவரின் கப்பலிலிருந்து வந்த ஜோசப் விட்பி, அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையைப் படகில் அளந்துகொண்டு போனார். ஓரிடத்தில் கரை சுமார் 5 மைல்தான் உள்வாங்கியிருந்தது. அதற்கப்பால் பனிச்சுவர்.

1879 அக்டோபரில் இயற்கையியலாளர் ஜான் மியூர் வான்கூவரின் வரைபடத்தோடு அதே இடத்துக்கு வந்தார். அதில் குடாவே இல்லை. வழிகாட்டியது திலிங்கிட் பழங்குடிப் படகோட்டிகளில் ஒருவரான சிட்கா சார்லியின் நினைவு. சிறுவயதில் அங்கே கடல்நாய் வேட்டைக்குப் போனவர் அவர். விறகு கிடைக்காது, கையோடு எடுத்துப்போக வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டார். உள்ளே போனால் அவருக்கே இடம் அடையாளம் தெரியவில்லை. பனி அதற்குள் 30 மைலுக்கு மேல் பின்வாங்கியிருந்தது! வழியில் வேட்டைக் குடிசையில் தங்கியிருந்த ஹூனா என்னும் திலிங்கிட் பிரிவின் ஆள் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். மியூர் கண்டுபிடித்த இடம் என்று எழுதும்போது இந்த இரண்டு பேரை விட்டுவிடுவது நியாயமில்லை.

பனி இவ்வளவு வேகமாக விலகக் காரணம் உண்டு. கடலில் இறங்கும் பனியாறு, தான் தள்ளிவந்த கல்மண் மேட்டின்மீது முகம் ஊன்றி நிற்கும். அங்கிருந்து நழுவி ஆழமான நீருக்குள் பின்வாங்கினால் அதன் முகம் வேகமாக உடைந்து விழும்.

அந்தக் காட்சிக்காகவே கூட்டம் வந்தது. 1883இல் கேப்டன் ஜேம்ஸ் கரோல் 'ஐடஹோ' நீராவிக் கப்பலைக் குடாவுக்குள் செலுத்தினார். பயணிகளில் ஒருவரான எலிசா சிட்மோர் எழுதிய புத்தகம் 1885இல் வெளிவந்தது. பிறகு கோடைதோறும் கப்பல்கள் வந்தன, மியூரின் பெயர் பெற்ற மியூர் பனியாற்றின் அருகே ஆட்கள் இறங்கி நடந்தார்கள். 1899 செப்டம்பர் 10இல் பெரும் நிலநடுக்கம். பனிமுகம் நொறுங்கி, மிதக்கும் கட்டிகள் குடாவை அடைத்தன. பல ஆண்டுகள் கப்பல்களால் பனியாற்றை நெருங்க முடியவில்லை.

ஹூனா மக்களுக்கு அந்தக் குடா வேடிக்கை பார்க்கும் இடமல்ல. பனி முன்னேறி வருவதற்கு முன் அங்கே அவர்களுக்கு ஊர்கள் இருந்தன. தனித்திருந்த ஒரு பெண் பனியாற்றைக் கூப்பிட்டாள், அது வந்து வீடுகளை விழுங்கிற்று என்று அவர்கள் வாய்மொழியாகச் சொல்லிவருகிறார்கள். பனி விலகியபின் மீன்பிடிக்கவும் கடற்பறவை முட்டை எடுக்கவும் திரும்பி வந்தார்கள். 1925இல் அமெரிக்க அரசு குடாவைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்த பிறகு, காலப்போக்கில் அந்த உரிமைகளும் சுருங்கின.

மியூர் பனியாறு இப்போது கடலைத் தொடுவதில்லை. கப்பல்கள் மார்ஜரி பனியாற்றுக்குப் போகின்றன. 2016 ஆகஸ்டில் பார்ட்லெட் கோவ் கரையில் ஹூனா குலங்களின் பொது வீடு திறக்கப்பட்டது. ஹூனா ஊரிலிருந்து அவர்கள் மரப்படகுகளைத் துடுப்புப் போட்டுக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார்கள்.