சேரியின் மேடு எங்கே?

தோழர்களே, பழனிமலையின் பண்ணைக்காடு, தாண்டிக்குடி வட்டாரக் கற்திட்டைகள் நமக்குத் தெரிந்தவை. ஆங்கிலேட் பாதிரியாரும் நியூட்டனும் அம்மலைக் கற்திட்டைகளை ஆய்ந்து எழுதியதை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. கல் நின்றது, அதைத் தூக்கி நிறுத்தியவர்களின் குடிசை நிற்கவில்லை.

சமவெளியில், மக்கள் கைவிட்டுப் போன இடைக்கால ஊர்கள் பானையோடு சிதறிய நத்தமேடுகளாகக் கிடக்கின்றன. அந்த மேட்டையே முழு ஊர் என்று எண்ணிவிடுகிறோம். முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்களைக் கொடுத்த கல்வெட்டுகளோ வேறு சொல்கின்றன. வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் ஊர்நத்தம் தனி. பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி தனி. சுடுகாடு தனி, பறைச்சுடுகாடு தனி. தீண்டாமை பின்னால் வந்த அந்நியர் கொணர்ந்தது என்போருக்கு, ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்த நிலக்கணக்கே பதில்.

சேரியின் மண்சுவரும் கூரையும் மக்கியிருக்கும். அடுப்புச் சாம்பலும் உடைந்த சட்டியும் எலும்பும் மண்ணுக்குள் தங்கும். ஆகவே தடயமே இல்லை என்ற பேச்சை, தோண்டிப் பார்க்கும்வரை நாம் ஏற்பதற்கில்லை. நத்தமேட்டில் குழி வெட்டுவோர், மேட்டைத் தாண்டி வயலாகிவிட்ட நிலத்திலும் ஒரு குழி வெட்டட்டும். மாணவர்களே, அந்த வயலைக் காட்டும் வேலை நம்முடையது. அதன் பெயர் நம் பாட்டிமாருக்குத் தெரிந்திருக்கலாம். முதலில் அவர்களைக் கேட்போம்.