பாவித்த ஜீப்பின் கதை

“ஜீப்பிலை நான் ஏறமாட்டன்” என்றார் அப்பா.

பலெர்மோவில் எங்கள் குடியிருப்பின் வாசலில் நின்றது ஜீப் அல்ல. 1990ஆம் ஆண்டில் செய்த ஒரு வெள்ளை பியட் பாண்டா. நீளம் மூன்றரை மீற்றர்கூட இல்லை. ஆனால் பின்கதவுத் தகட்டில் 4×4 என்று புடைப்பாக இருக்கும். இது நாலு சில்லும் இழுக்கும் வாகனம் என்று நான் பெருமையாகச் சொன்னதுதான் பிழை. அப்பாவுக்கு நாலு சில்லும் இழுப்பதெல்லாம் ஜீப்.

அந்தச் சொல் அவருக்குள் எப்படி ஏறியது என்று எனக்குத் தெரியும். 1987 ஒக்ரோபரில் இந்திய இராணுவத்தின் ‘ஜோங்கா’ எங்கள் கொக்குவில் ஒழுங்கைக்குள் வந்தபோது எனக்கு எட்டு வயது. ஜபல்பூர் படைத்துறை ஆலையில் நிஸான் நிறுவனத்தின் அனுமதியோடு செய்த வாகனம் அது என்பதைப் பிற்காலத்தில் படித்து அறிந்தேன். அன்று தெரிந்தது அதன் இரைச்சல் மட்டுமே. 1996இல் சின்ன மாமாவை வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு போனதும் ஒரு ஜீப்தான். அந்த ஆண்டில் யாழ்ப்பாணத்தில் கைதாகிக் காணாமல் போன நூற்றுக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர்.

அப்பா வாகனங்களுக்கு அஞ்சியவர் அல்லர். அவரிடம் ஒரு ஒஸ்ரின் ஏ-40 இருந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் அதை மண்ணெண்ணெயில் ஓட்டினார். ஸ்டார்ட் பண்ணுவதற்கு மட்டும் சில துளி பெற்றோல், அதுவும் சேலைன் குழாய் வழியாக. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது காரை மாமரத்தின் கீழ் விட்டுவிட்டு, சைக்கிளில் மூட்டையைக் கட்டி உருட்டிக்கொண்டு போனோம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது காரின் கூடு நின்றது. சில்லு நாலும் இல்லை.

*

எனக்கு ஏன் இப்படியொரு வாகனம் தேவைப்பட்டது என்று சொல்லவேண்டும். நான் மென்பொருள் ஆலோசகன். இங்கிலாந்தில் மேற்படிப்பு முடித்து, மணம் முடித்தபின் பலெர்மோவுக்கு வந்தவன். மனைவியின் தகப்பனார் எண்பதுகளில் இங்கு வந்து வீட்டுவேலை செய்து குடும்பத்தை அழைத்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர். மிலானில் உள்ளவர்களுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். திரையைப் பார்த்துக் கண் களைத்த ஒரு நாளில், செர்தா ஊருக்கு அண்மையில் சிறு தோட்டமொன்றைக் குத்தகைக்கு எடுத்தோம். செர்தா கூனைப்பூ விளையும் ஊர். 1906இல் வின்சென்சோ ஃப்ளோரியோ தொடங்கிய ‘தார்கா ஃப்ளோரியோ’ கார்ப்பந்தயம் புறப்பட்ட இடமும் அதன் அருகேதான். பந்தயக் கார்கள் பறந்த மலைச்சாலையிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு நானூறு மீற்றர் களிமண் பாதை. கோடையில் அது சீமெந்து போல இருக்கும். நவம்பர் மழையில் என் சாதாரண கார் அச்சு வரை புதைந்தது. பக்கத்துத் தோட்டக்காரர் உழவு இயந்திரத்தால் இழுத்துவிட்டு ஒரே ஒரு சொல் சொன்னார்: “பாண்டா.”

எதையும் வாங்குமுன் அதைப் பற்றிப் படிப்பது என் தொழில் தந்த நோய். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. நாலு சில்லும் இழுக்கும் வாகனம் சாதாரண மனிதரின் கைக்குப் பெருவாரியாக வந்து சேர்ந்தது பாவித்த வாகனமாகத்தான். அதன் முதல் உரிமையாளர் ஒரு படை. அதன் சரித்திரம் என்பது இரண்டாவது உரிமையாளர்களின் சரித்திரம்.

*

1940 யூலையில் அமெரிக்க இராணுவம் 135 நிறுவனங்களுக்கு எழுதி, இலேசான, நாலு சில்லும் இழுக்கும் ஒரு உளவு வாகனம் கேட்டது. மாதிரி வாகனத்துக்குத் தவணை 49 நாட்கள். பென்சில்வேனியாவின் பான்ரம் என்ற சிறு நிறுவனம், கார்ல் புரொப்ஸ்ற் என்ற பொறியியலாளரின் வரைபடத்தை வைத்துச் செய்துமுடித்து, செப்ரெம்பர் 23ஆம் திகதி, தவணை முடிய அரை மணி நேரம் இருக்கையில் கொண்டுபோய் ஒப்படைத்தது. பெரிய ஒப்பந்தங்களோ வில்லிஸ், ஃபோர்ட் நிறுவனங்களுக்குப் போயின. போர் முடியுமுன் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன.

அவற்றில் ஒரு பகுதி 1943 யூலை 10ஆம் திகதி சிசிலியின் தெற்குக் கரையில் இறங்கியது. பன்னிரண்டு நாட்களில், யூலை 22ஆம் திகதி, பாற்றனின் படை பலெர்மோவுக்குள் நுழைந்தது. நகரம் ஏற்கெனவே நேசநாடுகளின் குண்டுவீச்சில் சிதைந்திருந்தது. மே 9ஆம் திகதி விழுந்த குண்டுகளின் இடிபாடுகள் கல்சா பகுதியில் பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தன. ஜீப்பும் எல்லா இடத்துக்கும் ஏறவில்லை. சிசிலியின் மலைகளில் அமெரிக்கர் நூற்றுக்கணக்கான கோவேறு கழுதைகளைத் திரட்டித்தான் வெடிமருந்து சுமந்தார்கள்.

போர் முடிந்தபின் இத்தாலியெங்கும் ஜீப்பும் லொறியும் ரயரும் மலையாகக் கிடந்தன. அவற்றை விற்க 1945இல் ‘ஆரார்’ என்ற அரச நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. அதன் தலைவர் எர்னெஸ்தோ ரோஸ்ஸி. முசோலினியின் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, பிறகு வென்தொதேனே தீவில் காவலில் இருந்தவர். அங்கிருந்தபடி 1941இல் அல்தியேரோ ஸ்பினெல்லியோடு சேர்ந்து, ஒன்றுபட்ட ஐரோப்பாவுக்கான அறிக்கையை எழுதியவர். எல்லைகளற்ற ஐரோப்பாவைக் கனவு கண்ட அந்த மனிதரின் அடுத்த வேலை, பாவித்த இராணுவ வாகனங்களை விற்பது. 1958 வரை அதைச் செய்தார். இந்த நாட்டில் விவசாயியும் வியாபாரியும் ஜீப்புக்குச் சொந்தக்காரரானது இப்படித்தான்.

ஆனால் கைமாறினால் மட்டும் ஒரு வாகனத்தின் குணம் மாறிவிடாது. 1947இல் உள்துறை அமைச்சரான மாரியோ ஷெல்பா சிசிலியைச் சேர்ந்தவர். அவருடைய ‘செலெரே’ என்ற கலகமடக்கும் பொலிஸ் படைக்கும் போரில் எஞ்சிய ஜீப்புகள் கிடைத்தன. வேலைநிறுத்தக்காரர் கூடிய சதுக்கங்களில் ஜீப்புகளை வட்டமாகச் சுழற்றி, கூட்டத்துக்குள் விட்டு, ஓடுகிற ஜீப்பிலிருந்தபடியே தடியால் அடிப்பார்கள். இதற்குக் ‘கரொசெல்லோ’ என்று பெயர். பிள்ளைகள் ஏறும் ராட்டினத்துக்கும் அதே சொல்தான். அப்பாவின் பயம் எனக்கு அந்நியமாகத் தோன்றாமல் போனது இதைப் படித்தபோதுதான். பலெர்மோவில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு தொழிலாளியிடமும் அந்தச் சொல் இதே முகத்தைக் கொண்டுவரும்.

*

நம் பக்கத்திலும் இந்தக் கதை உண்டு. சுதந்திர இந்தியாவின் முதற் பெரிய ஊழல் விவகாரம் என்று சொல்லப்படுவது பாவித்த ஜீப் வாங்கிய கதை. 1948இல் காஷ்மீர்ப் போருக்காக அவசரமாக ஜீப் தேவைப்பட்டது. இலண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி. கே. கிருஷ்ண மேனன், வழக்கமான நடைமுறைகளைத் தாண்டி, ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு 80 லட்சம் ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தார். பெரும்பகுதிப் பணம் முன்கூட்டியே போனது. வந்தவை 155 ஜீப்புகள், அவையும் ஓடும் நிலையில் இல்லை. அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் விசாரணை நடந்தது. 1955இல் அரசு விவகாரத்தை மூடியது. அடுத்த ஆண்டு மேனன் நேருவின் அமைச்சரவையில் சேர்ந்தார். வாகனத்தை ஓட்டிப் பாராமல் முற்பணம் கொடுக்காதே என்று ஊரில் எந்த மெக்கானிக்கும் சொல்லும் புத்தியை ஒரு அரசு கேட்கவில்லை.

இன்னொரு வகை உரிமையாளரும் இருந்தார். றோவர் கார் நிறுவனத்தின் பொறியியலாளர் மொறிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சீ தீவில் இருந்த தன் தோட்டத்தில் போரில் எஞ்சிய வில்லிஸ் ஜீப் ஒன்றை வைத்திருந்தார். அதைப் பாவித்துப் பாவித்து, அதைப் போலத் தாங்களே செய்தாலென்ன என்று தோன்றியது. 1947இல் ஜீப்பின் அடிச்சட்டத்தை வைத்தே முதல் மாதிரி உருவானது. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் லாண்ட் றோவர் வெளிவந்தது. நம் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் துரைமார் ஓட்டிய லாண்ட் றோவரின் தாய் ஒரு பாவித்த ஜீப்.

துரையின் வாகனமாக மலை ஏறியது, வேறு மலைகளில் கூலித் தொழிலாளியின் வாகனமானது. இந்தியாவில் மகிந்திரா நிறுவனம் நாற்பதுகளின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளைப் பொருத்தத் தொடங்கியது. போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்கு இன்றும் விடியற்காலையில் பெண்கள் நெருக்கியடித்து ஏறிப் போவது அதன் வழிவந்த ஜீப்புகளில். பிலிப்பைன்ஸில் அமெரிக்கர் விட்டுப்போன ஜீப்பை நீட்டி, நிறம் தீட்டி, ‘ஜீப்னி’ என்ற மக்கள் பேருந்தாக்கினார்கள்.

*

நான் தேடிய பாண்டாவுக்கு வருகிறேன். ஜூஜாரோ வடிவமைத்த பாண்டா 1980இல் வந்தது. அதன் 4×4 வடிவம் 1983இல். என்னுடையதில் 999 கன சென்ரிமீற்றர் இயந்திரம், 50 குதிரைவலு. சாதாரணமாக முன்சில்லு இரண்டும் இழுக்கும். கியர்த் தடிக்குப் பின்னாலுள்ள சிறு நெம்பை இழுத்தால் பின்சில்லுகளும் சேரும். நடுவில் வேக வித்தியாசத்தைச் சமன்செய்யும் பகுதி இல்லாததால், காய்ந்த தார்ச்சாலையில் நெம்பை இழுத்துவைத்து வளைவெடுத்தால் ரயர் தேயும், அச்சு முறுகும். அது சேற்றுக்கும் பனிக்கும் மட்டும். முதல் கியர் மாடு நடப்பது போல.

முதலில் பார்த்த வாகனம் ஒன்றின் ஓட்டக் கணக்கு, அதன் பரிசோதனைத் தாளில் இருந்ததைவிடக் குறைவாக இருந்தது. திரும்பி வந்துவிட்டேன். இரண்டாவது, மதோனியே மலையூர் ஒன்றில் மன்னா எடுக்கும் ஒருவருடையது. மன்னா என்பது ஒருவகைச் சாம்பல் மரத்தைக் கீறி வடிக்கும் இனிப்புப் பால். கஸ்தெல்புவோனோ, பொல்லீனாப் பக்கங்களில் இன்னும் எடுக்கிறார்கள். அவர் என்னைக் கீழே படுத்துப் பார்க்கச் சொன்னார். பின் வில்தகடுகள் அடிச்சட்டத்தோடு சேரும் இடம் துருவேறியிருக்கிறதா, நடு அச்சின் மூட்டுகள் ஆடுகின்றனவா என்று பார்த்தேன். சரளைக் கல்லில் நெம்பை இழுத்து மெல்லச் சுற்றினேன். 4,500 யூரோவுக்குப் பேச்சு முடிந்தது.

இத்தாலியில் வாகனம் கைமாறுவது காணி கைமாறுவது போல. 1927இல் ஏற்படுத்திய பொது வாகனப் பதிவேட்டில் ஒவ்வொரு உரிமையாளரும் வரிசையாக இருக்கிறார். பணம் கட்டினால் அந்த வரிசையைப் பிரதி எடுத்துத் தருவார்கள். ஒல்லாந்தர் காலத் தோம்பு வரை உறுதியைத் தோண்டிப் பார்த்துக் காணி வாங்கிய ஊர்க்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? முதல் உரிமையாளர் ஒரு விவசாயி. இரண்டாவது, அவருடைய மருமகனான மன்னாக்காரர். மூன்றாவது நான்.

அந்தத் தாளை அப்பாவிடம் கொடுத்தேன். பூதக்கண்ணாடி வைத்து வரிவரியாகப் பார்த்தார்.

“பட்டாளம் ஒண்டும் இல்லையோ?”

“இல்லை அப்பா.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தாளில் இல்லாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. பாண்டாவின் நாலு சில்லு இழுவையைச் செய்துகொடுத்தது ஒஸ்திரியாவின் ஸ்ரையர்-புக் நிறுவனம். ஹாஃப்லிங்கர், பின்ஸ்கவர் என்ற படை வாகனங்களைச் செய்தவர்கள். இரண்டாம் உலகப்போரில் ஸ்ரையர் ஆலைகள் மௌதௌசன் வதைமுகாமின் கைதிகளை வேலைவாங்கி ஆயுதம் செய்தன. மன்னாக்காரரின் வண்டியிலும் பின்னச்சுக்கு ஒரு பட்டாளத்துப் பாட்டன் உண்டு. மறைத்து ஏற்றிக்கொண்டு போவது சரியாகப் படவில்லை, சொல்லிவிட்டேன்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஒஸ்ரின்காரனும் சண்டைக்குள்ளை குண்டு விமானம் செய்தவன்தானே தம்பி” என்றார். உண்மைதான். லோங்பிரிட்ஜில் அவர்கள் லங்காஸ்டர் விமானம் செய்தார்கள். எந்த வாகனத்துக்கும் சுத்தமான பூர்வீகம் கிடையாது என்பதை அவர் எனக்கு முன்பே அறிந்திருந்தார். அவருடைய கணக்கு அதில் இல்லை.

அடுத்த ஞாயிறு வாசலில் வந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

“எந்தத் தடியை இழுத்தால் நாலும் இழுக்கும்?”

காட்டினேன்.

“இழுக்காட்டி?”

“சாதாரண கார் அப்பா.”

“அப்ப இழுக்காதை” என்று சொல்லிவிட்டு ஏறினார்.

கடற்கரையோரமாகக் கிழக்கே போனோம். 1970இல் திறந்து 2011இல் மூடிய தெர்மினி இமெரேசேயின் பியட் தொழிற்சாலையைக் கடந்தோம். பாண்டாவின் ஆரம்ப ஆண்டுகளில் அது இங்கேயும் உருவானது என்றேன். “வேலை செய்த சனம் எங்கை போச்சுது?” என்று மட்டும் கேட்டார். தார்ச்சாலை முடிந்து களிமண் தொடங்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். இறங்கி, கைத்தடியை ஊன்றிக்கொண்டு பாதையோரப் புல்லில் நடக்கத் தொடங்கினார்.

நான் நெம்பை இழுத்து, முதல் கியரில், அவரை முந்தாமல் பின்னால் போனேன். இரண்டு வருடமாகிறது. ஒவ்வொரு ஞாயிறும் அந்த நானூறு மீற்றரை அப்படித்தான் கடக்கிறோம்.