இரவு முழுவதும் நெருப்பைக் காத்தவர்கள்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தவர் ‘பிரிஸ்கட்’ எனப் பெருமையோடு பரிமாறுவது மாட்டின் நெஞ்சிறைச்சியை. மாட்டுக்குக் காறை எலும்பு இல்லை. முன்பாரத்தைப் பெரிதும் நெஞ்சுத் தசைகளே தாங்குகின்றன. ஆதலால் சவ்வும் நாரும் மிகுந்த இத்துண்டு அவசரமாகச் சுட்டால் பல்லுக்கு அடங்காது. வசதி படைத்தோர் விரும்பாத இறைச்சி இது என்பதிலிருந்தே இதன் வரலாற்றைத் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

நூல்களில் வழக்கமாகக் காணப்படும் கதை வேறு. 1845இல் நியூ பிறவுன்ஃபெல்ஸ் நகரை அமைத்த ஜேர்மனியரும், பின்னர் வந்த செக் மக்களும் இறைச்சிக்கடைகளைத் திறந்தனர். குளிரூட்டும் வசதியற்ற அக்காலத்தில் விற்காத இறைச்சியைப் புகையிட்டு விற்றனர். 1900இல் லொக்ஹார்ட் என்னும் சிற்றூரில் தோன்றிய ‘குரொய்ட்ஸ் மார்க்கெட்’ இவ்வாறான கடைகளுள் புகழ்பெற்றது. பருத்தி பறிக்க வந்த கூலியாட்கள் அங்கு கடைத்தாளில் வைத்துக் கையாலேயே உண்டனர். நெஞ்சிறைச்சி தனித்துண்டாகப் பெருமளவில் விற்பனையானது இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியிலேதான்.

செய்முறை எளிது. பெரும்பாலும் உப்பும் கரகரப்பாக உடைத்த மிளகும் சம அளவு, அவ்வளவே. விரும்பினால் சிறிது உள்ளித்தூள். வீட்டில் செய்பவர் ஐந்து கிலோத் துண்டொன்றில் இதனை முதல்நாளே பூசி வைத்து, மூடியுள்ள அடுப்பில் 110 முதல் 120 பாகை செல்சியஸ் வெப்பத்தில், ஓக் விறகின் புகையில் பன்னிரண்டு மணித்தியாலமோ அதற்கு மேலோ வேகவிட வேண்டும். உள்வெப்பம் 70 பாகையை அண்டியதும் மணிக்கணக்கில் அசையாது நின்றுவிடும். வெளியேறும் ஈரம் ஆவியாகி, வியர்வை நம்மைக் குளிர்விப்பதுபோல் இறைச்சியைக் குளிர்விப்பதே காரணம். பொறுமையிழந்து விறகை அள்ளிப் போடுவோர் இங்குதான் கெடுத்துக்கொள்கின்றனர். 90 பாகையைக் கடந்து சவ்வு கூழாக உருகும்போதுதான் இறைச்சி இளகும்.

அப்படியாயின் அடுப்பருகே விடிய விடிய விழித்திருந்தவர் யார்? கடையின் பெயர்ப்பலகையில் உள்ளவரின் பெயரே செய்தியில் ஏறும் என்பதைப் பத்திரிகைத் தொழிலில் நரைத்த நான் நன்கறிவேன். அமெரிக்கத் தெற்கில் குழி வெட்டி, விறகடுக்கி, இறைச்சியைப் புரட்டும் வேலை அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் தலையிலேயே விழுந்தது. டெக்சாஸின் கல்வெஸ்டன் நகரில் 1865 ஜூன் 19ஆம் திகதி அவர்களது விடுதலை அறிவிக்கப்பட்டது. மறுஆண்டு தொடங்கிய நினைவு விழாக்களில், அதே குழியடுப்பில் தமக்காகவே சமைத்தனர். அந்நாள் 2021இல்தான் அமெரிக்காவின் தேசிய விடுமுறையாயிற்று.

அவர்களுள் ஒருவரது வாக்குமூலம் எஞ்சியுள்ளது. 1930களில் அரசின் எழுத்தாளர் திட்டத்தினர் முன்னாள் அடிமைகளைத் தேடிச் சென்று செவ்வி கண்டனர். தென் கரோலினாவைச் சேர்ந்த வெஸ்லி ஜோன்ஸுக்கு அப்போது வயது 97. இரவு முழுவதும் விழித்திருந்து தாம் இறைச்சிக்குத் தடவிய குழம்பின் சேர்மானத்தை அவர் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார்: வினாகிரி, மிளகு, செத்தல் மிளகாய், உப்பு, வெண்ணெய், கொத்தமல்லி, வெங்காயம், உள்ளி, இன்னும் சில வாசனை இலைகள். அவர் டெக்சாஸ்காரர் அல்லர்; டெக்சாஸின் கடைகளில் நெருப்பைக் காத்தவர்களிடம் இவ்வாறு கேட்டு எழுதிவைத்தோர் மிகச் சிலரே.